எபரானுக்குக் குடிபெயரும் பார்ட்: அவளுடைய ஐந்து மொழிகளை என்ன செய்வது?

பட்டர்வொர்த்_பாடினி

எல்லாருக்கும் வணக்கம். ஜார்ஜ்டவுனில் ஞாயிற்றுக்கிழமை டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடும் எங்கள் கூட்டம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் ஓடிய கேம்பேனை, அதாவது தொடர்கதையை, ஒருவழியாக முடித்துவிட்டது. அடுத்தது எபரான், அதே விளையாட்டின் இன்னொரு கற்பனை உலகம். பழைய கேரக்டர் வேண்டுமென்றால் கொண்டு வரலாம், ஆனால் அந்த உலகத்து ஆளாகவே மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்று எங்கள் டிஎம் (கதையை நடத்துபவர்) சொல்லிவிட்டார்.

என்னுடையவள் ஹாஃப்-எல்ஃப் பார்ட், பாதி எல்ஃப், பாதி மனிதப் பாட்டுக்காரி. ஐந்தாம் லெவல், 2014 விதிகள், சேஜ் (படிப்பாளி) பின்னணி. ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் ஃபேரூன் கண்டத்தில், கலிம்ஷான் நாட்டின் கலிம்போர்ட் துறைமுகத்தில் வளர்ந்தவள். காமன், எல்விஷ், அல்ஷெடோ, அண்டர்காமன், இன்ஃபெர்னல் என்று ஐந்து மொழி தெரியும். அல்ஷெடோ அம்மா வீட்டு மொழி. எல்விஷ் அப்பா விட்டுவிட்டுப் போன ஒரே சொத்து. அண்டர்காமனை ஒரு ட்ரோ (கருநிற எல்ஃப்) வியாபாரியிடம் கணக்கெழுதியபோது கற்றாள். இன்ஃபெர்னல், கோயில் நூலகத்தில் பிசாசுகளின் ஒப்பந்தங்களைப் படியெடுக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டது.

ஸ்கில், ஸ்பெல் எல்லாம் அப்படியே வந்துவிடுகின்றன. மொழி வரிதான் வர மாட்டேன் என்கிறது. எபரானில் கலிம்ஷானே இல்லை, அல்ஷெடோ எங்கிருந்து வரும்? அந்த இடத்தில் எபரானின் ரீட்ரா நாட்டு மொழியான ரீட்ரன் என்று எழுதிப் பார்த்தேன். படித்தால் யாரோ ஒரு பெண் மாதிரி இருக்கிறாள். நீங்கள் எல்லாம் எப்படிச் செய்வீர்கள்?

பகடை_பத்து

விதிப்படி தடையே இல்லை. 2020-இல் வந்த டாஷா என்ற கூடுதல் விதிப்புத்தகம், இனத்தால் கிடைக்கும் மொழிகளை மாற்றிக்கொள்ள விடுகிறது. சேஜ் தரும் இரண்டும் எப்படியும் உங்கள் இஷ்டம்தான். ஐந்தையும் அழியுங்கள், வேறு ஐந்தை எழுதுங்கள், டைஸை எடுங்கள். இதற்கு ஓர் இழையா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_டிஎம்

பத்து, நீ சொன்னது விதிக்குப் பதில். அக்கா கேட்டது வேறு.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள் அக்கா. இவள் ஏதோ வாசல் வழியாக எபரானுக்குள் வந்து விழுகிறாளா, அங்கேயே பிறந்தவளா? வந்து விழுகிறாள் என்றால் காமன்கூட உதவாது. இரண்டு உலகத்திலும் காமன் என்று ஒரே பெயர் இருப்பது நமக்கான வசதி, அவ்வளவுதான். ஃபேரூனில் அது வியாபாரத்தில் வளர்ந்த மொழி. எபரானில் அது காலிஃபார் பேரரசு ஐந்து நாடுகளையும் கட்டி ஆண்டதால் பரவிய மொழி. இரண்டும் ஒன்றாக இருக்க ஒரு காரணமும் கிடையாது. அப்படி ஆடினால் முதல் சில செஷன்கள் நன்றாகவே இருக்கும். உங்கள் பார்ட்டிடம் காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ் ஸ்பெல் இருந்தால் சடங்காகவே போடலாம், ஒரு மணி நேரம் கேட்பதெல்லாம் புரியும், ஆனால் வாய் திறந்து பதில் சொல்ல முடியாது. பாட்டுக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? பதில் பேச டங்ஸ் வேண்டும். அது மூன்றாம் லெவல் ஸ்பெல், ஐந்தாம் லெவல் பார்ட்டுக்கு இப்போதுதான் எட்டும். முறையாகக் கற்க வேண்டுமென்றால் 2014 புத்தகக் கணக்கில் 250 நாள், நாளுக்கு ஒரு தங்கம்.

ஆனால் உங்கள் டிஎம் அந்த உலகத்து ஆளாகவே வரச் சொல்லியிருக்கிறார். அதனால் இரண்டாவது வழிதான். அதற்கு ஒவ்வொரு மொழியையும் தனியாக எடுத்து வைத்துக் கேளுங்கள்: இதை யார் கற்றுக்கொடுத்தார், இதைப் பேசினால் எந்தக் கதவு திறக்கும், இதைப் பேசக் கேட்டால் யார் முகம் சுளிப்பார்? மொழியின் பெயரை ஃபேரூனிலேயே விட்டுவிடுங்கள். அது உங்கள் ஆளுக்குச் செய்துகொடுத்த வேலையை மட்டும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

இன்ஃபெர்னலை எடுத்துக்கொள்வோம். ஃபேரூனில் ஒன்பது நரகங்கள் உண்டு, பிசாசுகள் ஆன்மாவுக்கு ஒப்பந்தம் எழுதும். எபரானில் அந்த நரகங்கள் இல்லை. பிசாசுகள் இருப்பது ஷவராத் என்ற போர்க்கள உலகத்தில். அங்கே அவற்றுக்கு டீமன்களோடும் ஆர்க்கான்களோடும் முடிவே இல்லாத போர். உங்கள் ஊர் நூலகத்துக்கு வந்து பத்திரம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆக, இன்ஃபெர்னலை அப்படியே வைத்தால் அது சண்டை மொழி ஆகிவிடும், உங்கள் பெண்ணின் படியெடுக்கும் வேலை காணாமல் போய்விடும். எபரானில் பத்திரம் எழுதுவது யார்? சிவிஸ் வீடு, ஒரு தொழில் குடும்பம். எழுத்து டிராகன்மார்க் (மந்திரக் குறி) உள்ள நோம்கள், குட்டையான ஓர் இனம். நோட்டரி, தூதுச் செய்தி, மொழிபெயர்ப்பு எல்லாம் அவர்கள் கையில். அங்கே கூலிக்குப் படியெடுத்தவள் என்று வையுங்கள், நோமிஷ் தானாக வந்துவிடும். பிசாசுக்குப் பதில் நோட்டரி. ஆபத்து கிட்டத்தட்ட அதே அளவுதான்.

செந்தூல்_சூனியம்

அந்தக் கடைசி வரிக்காகவே ஒரு தே தாரே வாங்கித் தருகிறேன் பாஸ்.

அண்டர்காமனுக்கு நான் வருகிறேன். அது ஃபேரூனில் ஏன் இருக்கிறது? தரைக்கடியில் ட்ரோ நகரங்கள் இருக்கின்றன, அவர்களோடு வியாபாரம் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். எபரானில் ட்ரோக்கள் தரைக்கடியில் இல்லை, ஸென்ட்ரிக் கண்டத்துக் காட்டில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே ராட்சதர்கள் ஆண்டார்கள், எல்ஃப்களை அடிமையாக வைத்திருந்தார்கள். அடிமைகள் கிளம்பி எதிர்த்தபோது அவர்களை வேட்டையாட ராட்சதர்கள் உருவாக்கியவர்கள்தான் ட்ரோக்கள். அதனால் அங்கே ஜயன்ட் மொழிக்கு ஒரு கனம் உண்டு. ட்ரோ வியாபாரி அப்படியே இருக்கட்டும், அவர் ஸென்ட்ரிக் இடிபாடுகளில் கிடைத்ததை ஷார்ன் நகரத்துக்குக் கப்பலேற்றி விற்பவர். உங்கள் ஆள் கணக்கெழுதியது ஜயன்ட் மொழியில். யாருக்கும் தெரியாத ஒரு வியாபார மொழி, கொஞ்சம் சந்தேகமான சரக்கு. வேலை அதேதான், சரியா?

இதில் இன்னொரு சுவை: உங்கள் ஆள் பாதி எல்ஃப். அவள் வாயில் ஜயன்ட் வந்தால், வயதான எல்ஃப் ஒருவர் எப்படிப் பார்ப்பார்? அடிமைப்படுத்தியவனின் மொழி அது.

பட்டர்வொர்த்_பாடினி

அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. "எவன்கிட்ட கத்துக்கிட்ட இதை?" என்று ஒரு கிழ எல்ஃப் கேட்கிற காட்சி இப்போதே கண்ணில் ஓடுகிறது. ஜயன்ட்டை எடுத்துக்கொண்டேன்.

அல்ஷெடோதான் இன்னும் இடிக்கிறது. அது அம்மா வீட்டு மொழி. எந்தக் கதவும் திறக்காது, கேட்டால் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

கிராணி_பேரன்

அல்ஷெடோவுக்கு முன்னால் சிவிஸ் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்பு ஒரு தொழிலாக, அதுவும் ஒரே வீட்டின் கையில் இருக்கும் உலகத்தில், ஐந்து மொழி தெரிந்தவள் ஒரு சாதாரண ஆள் இல்லை. என் தாத்தா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். துரையிடம் ஆங்கிலம், காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் தமிழ். துரைமாரும் தோட்டத் தமிழ் படித்தார்கள்தான், ஆனால் மருந்துக்கு லீவு கேட்பவர் சொன்னதில் எது துரை காதுக்குப் போனது, எது போகவில்லை என்பது நடுவில் நின்றவர் கையில்தான் இருந்தது. பாட்டி சொல்லுவார், தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த கோழிகளுக்குக் காரணம் தாத்தாவின் கையெழுத்து இல்லை, வாய் என்று.

சிவிஸ் வீட்டுக்கு இதே பலம் ஒரு கண்டம் முழுக்க இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒருத்தி சந்தையில் நின்று மொழிபெயர்த்தால் விட்டுவிடுவார்களா? உங்கள் டிஎம்மிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மொழி வரியே ஒரு சண்டையைக் கொண்டு வந்துவிடும்.

ஆயர்_ஈத்தாம்_ஆந்தை

அல்ஷெடோ: கலிம்ஷான் பழைய காலத்தில் ஜின்கள் ஆண்ட நாடு, மனிதர்கள் அவர்களோடு அடிமையாக வந்தவர்கள். எஜமான் போய்விட்டான், பேச்சு மட்டும் தங்கிவிட்டது. அந்த மாதிரி, ஆள் போய் மொழி மட்டும் நிற்கும் இடம் எபரானில் எது என்று தேடினேன். ரீட்ரன் இல்லை, ரீட்ராவில் ஆட்சி இன்றும் கெட்டியாக நடக்கிறது, அங்கிருந்து தப்பி வந்தவளுக்குப் பின்கதையே வேறாகிவிடும்.

என் யோசனை சைர். எபரான் ஆண்டுக் கணக்கில் 994-இல் துயர நாளன்று ஒரே நாளில் செத்துப்போன நாடு. அங்கே காமன்தான் பேசினார்கள், தனி மொழி கிடையாது. அதனால் அம்மா வீட்டு மொழியை ஒரு மொழியாகவே வைக்காதீர்கள். அது சைர் நாட்டுக் காமன். சொல்வழக்கு வேறு, தாலாட்டு வேறு. ஷார்னில் அகதிகள் முகாமில் யாராவது அந்த இழுப்பில் பேசினால் இவளுக்கு உடனே தெரியும். கேரக்டர் ஷீட்டில் ஒரு வரியும் செலவாகாது.

பகடை_பத்து

ஆக, ஒரு மொழி ஸ்லாட் மிச்சம். லாபம்!

ஆயர்_ஈத்தாம்_ஆந்தை

மிச்சமான இடத்தில் கோப்லின் எழுதச் சொல்லுவேன். மனிதர்கள் கோர்வேருக்கு வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே தக்கான் பேரரசு அந்தக் கண்டத்தைக் கட்டி ஆண்டது, அது கோப்லின்களின் பேரரசு. ஷார்ன் நிற்பதே பழைய கோப்லின் நகரத்தின் இடிபாட்டின் மேல்தான். ஃபேரூனில் கோப்லின் என்பது குகைக்கு வெளியே ஒட்டுக்கேட்க உதவும் மொழி. ஷார்னில் அது கீழ்த்தளத்துக் கூலியாளின் மொழியும்தான், அஸ்திவாரக் கல்லில் வெட்டியிருக்கும் அரச மொழியும்தான். சைரிலிருந்து வந்தவளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 969-இல் ஹாப்கோப்லின் கூலிப்படை சைருக்கு எதிராகத் திரும்பி அதன் ஒரு பகுதியைப் பிடுங்கித்தான் தார்கூன் என்ற நாட்டை உண்டாக்கியது. அம்மா வெறுத்த மொழியை மகள் கற்றிருக்கிறாள். ஏன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும். மேசையில் கோப்லின் பேச யாராவது "ஹொக்கியன் பேசலாமா, மலாய் பேசலாமா" என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். எங்கள் கூட்டத்தில் இந்த யோசனை வந்தது. பக்கத்து மேசையில் ஹொக்கியன் பேசும் குடும்பம் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பினாங்கில் இது வேடிக்கை இல்லை.

செந்தூல்_சூனியம்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அதோடு அது சோம்பேறித்தனமும்கூட. நம்மிடமே ஒன்றுக்கு மேற்பட்ட தமிழ் இருக்கும்போது எதற்கு அடுத்தவர் மொழி?

பிரிக்ஃபீல்ட்ஸ்_டிஎம்

அதைத்தான் நாங்கள் செய்கிறோம். காமன் என்றால் சாதாரணப் பேச்சுத்தமிழ், லா எல்லாம் போட்டு. எல்விஷ் என்றால் செந்தமிழ். ஏரெனல் நாட்டில் இறந்த முன்னோர்களையே சபையாக வைத்துக் கும்பிடும் எல்ஃப்களுக்குச் செந்தமிழ் கச்சிதமாகப் பொருந்துகிறது. போன செஷனில் ஒரு ஏரெனல் தூதர் கேட்டார்: "நீவிர் எவ்வூரினர்? நும் மூதாதையர் பெயர் யாது?" எங்கள் ஃபைட்டர் நன்றாகவே தொடங்கினான், "யாம் ஷார்ன் நகரத்தேம், எம் தந்தையார்..." என்று. அப்புறம் பதற்றத்தில் "பேரு மறந்துட்டேன் சார்" என்று முடித்தான். தூதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பேசி இணங்கவைக்கும் பெர்சுவேஷன் ரோலுக்கு டிஸ்அட்வாண்டேஜ், அதாவது பகடையில் பின்னடைவு. வலேனார் எல்ஃப்களுக்கும் அதே செந்தமிழ்தான், ஆனால் போர்க்களத்துச் சுருக்கம். வினைமுற்று மட்டும், வணக்கம் கிடையாது.

தக்கான் காலத்துக் கோப்லினுக்குக் கல்வெட்டுத் தமிழ். ஷார்னின் அடித்தளத்தில் எங்கள் ஆட்டக்காரர்கள் கண்டெடுத்த கல்லுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

"ஸ்வஸ்திஸ்ரீ. கோத்தக்கானற்கு யாண்டு இருபத்திரண்டாவது இக்கோபுரம் எடுப்பித்தோம் மூன்று படையாரோம். இதன் கீழ் வாயிலைத் திறவாதொழிக. இது காத்தார் பாதம் எங்கள் தலைமேலன."

கோப்லின் தெரிந்தவர் மட்டும் தாளை எடுத்துப் படிக்கலாம் என்றேன். அந்தப் பையன் "திறவாதொழிக" என்பதைத் "திறந்து ஒழி" என்று படித்துவிட்டுக் கதவைத் திறந்தான். அந்த செஷனுக்கு நான் வேறு எதுவும் தயார் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பட்டர்வொர்த்_பாடினி

கடவுளே. கீழே என்ன இருந்தது?

பிரிக்ஃபீல்ட்ஸ்_டிஎம்

இன்னும் ஆடி முடிக்கவில்லை அக்கா, அவர்களும் இந்த இழையைப் படிக்கிறார்கள்.

கிராணி_பேரன்

கல்வெட்டு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது காலி நகரத்துக் கல். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ இலங்கையில் நிறுத்தியது, கல்லில் உள்ள தேதி 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. 1911-இல் காலியில் கண்டெடுத்தார்கள், இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றிலும் ஒரே செய்தி இருக்கும் என்றுதானே நினைப்போம்? சீனத்தில் காணிக்கை புத்தருக்கு. தமிழில் தெனாவரை நாயனாருக்கு. பாரசீகத்தில் அல்லாவுக்கு. ஒரே கல், மூன்று சாமி, காணிக்கைப் பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. படிக்க வருபவர் யாரோ அவருக்கு ஏற்றபடி பேசுகிறது.

இதை ஒரு டிஎம் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். கடைசிப் போரை முடித்து வைத்த த்ரோன்ஹோல்ட் ஒப்பந்தம் 996-இல் எழுதப்பட்டது, தார்கூனையும் ஒரு நாடாக ஏற்றுக்கொண்டது. உங்கள் கதையில் அதன் காமன் படியும் கோப்லின் படியும் ஒரே மாதிரி இல்லை என்று வையுங்கள். அதைக் கவனிக்கக்கூடியவர் இரண்டும் படிக்கத் தெரிந்த ஒருத்தி. அவள் சிவிஸ் வீட்டில் படியெடுத்தவள் வேறு. இதைவிட நல்ல தொடக்கம் உங்களுக்குக் கிடைக்காது.

ரவாங்_ரேஞ்சர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே சிக்கல், ஆனால் டிராகன்லான்ஸ் உலகத்தில். என் ஹாஃப்-ஓர்க்குக்கு ஓர்க் மொழியை என்ன செய்வது?

செந்தூல்_சூனியம்

தம்பி, டிராகன்லான்ஸ் நடக்கும் க்ரின்னில் ஓர்க்கே கிடையாது. மொழிக்கு முன்னால் ஆளை மாற்ற வேண்டும். ஹாஃப்லிங் என்ற குட்டை இனத்துக்குப் பதில் அங்கே கெண்டர். மனிதர்களுக்கும் வட்டார மொழிகள் உண்டு, சொலாம்னிக், அபனசீனியன், எர்காட் மாதிரி. உங்கள் ஆள் உடல் பலத்தால் ஒதுக்கப்பட்டவன் என்றால் மினோட்டாராக்கி (காளைத்தலை மனிதன்) அவர்கள் மொழியான கோத்தியன் கொடுத்துப் பாருங்கள். தனி இழை போடுங்கள், அங்கே விரிவாகப் பேசலாம்.

டார்க் சன் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த ஆட்டத்தின் உலகமான அதாஸில் சாமானியர் எழுதப் படிக்கக் கற்பதே குற்றம். ஐந்து மொழி தெரிந்த சேஜ் அங்கே தலைமறைவாகத்தான் வாழ முடியும்.

அப்புறம், பாடினி, இதையும் யோசித்துப் பாருங்கள். 2014 விதியில் மொழி தெரியும் என்றால் பேச, படிக்க, எழுத எல்லாம் தெரியும் என்று அர்த்தம். நிஜத்தில் அப்படியா இருக்கிறது? எங்கள் மேசையில் ஒருவர் மலாய்வழி தேசியப் பள்ளியில் படித்தவர். தமிழில் வாயாடினால் எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார், எழுத்துக் கூட்டத் தெரியாது. அவருக்காக நாங்கள் விதியையே பிரித்துவிட்டோம். ஒரு மொழியைப் பேச மட்டும் தெரிந்தால் அரை ஸ்லாட், படிக்க மட்டும் தெரிந்தாலும் அரை ஸ்லாட். அவருடைய ரோக் (திருட்டுக் கை உள்ள கேரக்டர்) ஏழு மொழி பேசுவான், ஒரு கடைப் பலகைகூட வாசிக்க மாட்டான். அந்தக் கேம்பேனிலேயே எல்லாருக்கும் பிடித்த ஆள் அவன்தான்.

ஆயர்_ஈத்தாம்_ஆந்தை

அரை ஸ்லாட் நல்ல யோசனை. பாடினியின் ஜயன்ட்டுக்கு அது பொருந்தும். கணக்கேடு எழுதியவளுக்கு எண்ணும் சரக்குப் பெயரும் எழுத வரும், நேரில் ஒரு ராட்சதர் வந்து பேசினால் விழிப்பாள்.

எழுத்து பற்றியும் ஒன்று. விதிப்புத்தகத்தில் கோப்லினும் ஜயன்ட்டும் ட்வார்விஷ் எழுத்தில் எழுதப்படுகின்றன. கண்டத்தையே ஆண்ட பேரரசுக்குச் சொந்த எழுத்து இல்லை என்பது எனக்கு ஒட்டவே இல்லை. எங்கள் மேசையில் தலைகீழாக்கிவிட்டோம்: எழுத்து தக்கான் எழுத்து, ட்வார்ஃப்கள்தான் கடன் வாங்கியவர்கள். புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் பாறையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பல்லவ எழுத்து, சமஸ்கிருத மொழி, நிற்பது மலாயா மண்ணில். எழுத்து ஓர் ஊர், மொழி ஓர் ஊர், கல் ஓர் ஊர்.

பட்டர்வொர்த்_பாடினி

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேற்று இரவு உட்கார்ந்து எழுதிவிட்டேன். டிஎம்முக்கும் அனுப்பியாயிற்று.

காமன், சைர் இழுப்போடு. ஷார்னில் அதை மறைத்துத்தான் பேசுவாள், கோபம் வந்தால் வெளியே வந்துவிடும். எல்விஷ் அப்பாவிடமிருந்து. அவர் ஃபியார்லன் வீட்டுக் கூத்துக் குழுவில் பாடியவர், ஊர் ஊராகப் போய்ப் பாடுவார், பாட்டோடு வேறு வேலையும் பார்த்திருப்பார் என்று மகளுக்குச் சந்தேகம். அதனால் இவளுடைய எல்விஷ் முழுக்க மேடை எல்விஷ். ஒப்பாரி தெரியும், அரசவை வாழ்த்து தெரியும், மருந்துக்கடையில் இருமலுக்கு மருந்து கேட்கத் தெரியாது. நோமிஷ், சிவிஸ் வீட்டுப் படியெடுப்பு. வேலையை விட்டுவிட்டாள், காரணத்தை டிஎம்முக்கு மட்டும் எழுதியிருக்கிறேன். ஜயன்ட் அரை ஸ்லாட், எழுத்து மட்டும். கோப்லின் முழுசாக. மிச்சமிருந்த அரை ஸ்லாட்டை டிஎம் தன் கையில் வைத்துக்கொண்டார், எதற்கென்று சொல்ல மறுக்கிறார்.

கோப்லினை ஏன் கற்றாள் என்று ஆந்தை கேட்டது நல்ல கேள்வி. முகாமில் இவளுக்கு முதல் வீணையைச் செய்துகொடுத்தவர் ஒரு தார்கூன் தச்சர். அம்மா அந்த வீணையைத் தொட்டதே இல்லை.

அல்ஷெடோவை மட்டும் முழுக்க விட மனம் வரவில்லை. பழைய கேம்பேனில் நான் அவளுக்காக எழுதிய தாலாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டேன், வரிகளை மட்டும் மாற்றிவிட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_டிஎம்

மருந்துக்கடை வரி அருமை. உங்கள் டிஎம் அதை வைத்தே ஒரு நாள் உங்களைச் சிக்கவைப்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பகடை_பத்து

சரி, நான் ஆரம்பத்தில் சொன்னது இருக்கட்டும். என் ரோக்கும் எபரானுக்கு வருகிறான். அவனுக்குத் தீவ்ஸ் கேன்ட் (திருடர்களின் ரகசியப் பேச்சு) தெரியும். ஃபேரூனின் வாட்டர்டீப் நகரத்தில் பழகியது ஷார்னில் செல்லுமா?

கிராணி_பேரன்

அப்படியே செல்லாது. அது கூட்டத்துக்குள் பேசும் பேச்சு, கூட்டம் மாறினால் பேச்சும் மாறும். ஷார்னில் பெரிய கள்ளக் கூட்டம் போரோமர் குடும்பம், ஹாஃப்லிங்குகள். அவர்களுக்குப் போட்டியாக ட்ரோவாம் நாட்டிலிருந்து வந்த டாஸ்க் இருக்கிறது, அது அரக்கர் கூட்டம். உன் ஆள் எந்தப் பக்கம்?

பகடை_பத்து

போரோமர். காசு அங்கேதானே.

கிராணி_பேரன்

அப்படியென்றால் கேன்ட்டோடு ஹாஃப்லிங் மொழியும் வேண்டும். சைகை தெரிந்து பேச்சு தெரியாதவனை ஒற்றன் என்றுதான் நினைப்பார்கள்.

பகடை_பத்து

ஸ்லாட் இல்லையே.

செந்தூல்_சூனியம்

250 நாள், 250 தங்கம். நாளைக்கே ஆரம்பித்துவிடு.